வீட்டுத் தோட்டம் – வாசகர் கேள்வி பதில்: குளிர் வீட்டில் வேர் பிடிக்கும் சதைச்செடிகள்

சென்ற இதழில், ஜேட், மருள், கள்ளி முதலிய சதைப்பற்றுச் செடிகளை வெட்டி நடும்போது வெட்டிய இடத்தை முதலில் காயவிட வேண்டும் என்று நான்கு வரிகளில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்பதை இம்முறை வந்து சேர்ந்த கடிதங்கள் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் வாழும் நம்மவர்கள் எழுதியவை. ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (ஸ்காபரோ, கனடா): ஐயா, கார்த்திகை மாதம் பக்கத்து வீட்டார் தந்த ஜேட் செடியின் நான்கு கிளைகளை அன்றே சாடி மண்ணில் நட்டேன். ஊரில் அம்மா செவ்வரத்தந்தடி நடும்போது செய்வதைப் போல நாள்தோறும் தண்ணீர் ஊற்றி, பொலித்தீன் பையாலும் மூடி வைத்தேன். மூன்றாம் கிழமை அடி கறுத்து, தொட்டால் வழுகி வந்துவிட்டது. நான் செய்த பிழை எது?

பதில்: செவ்வரத்தைக்குரிய பராமரிப்பை அப்படியே ஜேட் செடிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். செவ்வரத்தந்தடிக்கு உள்ளே சேமிப்பு எதுவும் இல்லை. வெட்டிய நேரத்திலிருந்து அது தண்ணீரை இழந்துகொண்டே இருப்பதால், உடனே நடுவதும் ஊற்றுவதும் மூடுவதும் அதற்குப் பொருந்தும். தென்னாபிரிக்காவின் வறண்ட சரிவுகளிலிருந்து வந்த ஜேட் செடியோ, பல கிழமைகளுக்குப் போதுமான தண்ணீரைத் தண்டிலும் இலையிலும் சுமந்து நிற்பது. பகலில் இலைவாய்களை, அதாவது இலையிலுள்ள நுண்துளைகளை, மூடிக்கொண்டு, வெக்கை தணிந்த இரவில் மட்டும் அவற்றைத் திறக்கும் இயல்புடையது. அதற்கு வெளியிலிருந்து தண்ணீர் தேவைப்படுவது வேர் வந்த பிறகுதான்.

வெட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். கத்தி பட்ட கலங்கள் உடைந்து, இனிப்புச் சத்துள்ள சாறு கசிந்து பளபளத்துக்கொண்டிருக்கும். அந்த ஈரம் காய்ந்ததும், அதற்கு அடுத்துள்ள உயிர்க்கலங்கள் பிரிந்து பெருகித் தக்கை போன்ற ஒரு தோலை உருவாக்கும். அந்தத் தோல் கட்டி முடிந்துவிட்டால் மண்ணிலுள்ள அழுகல் கிருமிகளுக்கு வாசல் அடைபட்டுவிடும். இங்கே யாழ்ப்பாணத்தில் 30 பாகை வெயிற்காலத்தில் மெல்லிய கிளைக்கு மூன்று நான்கு நாட்களில் நடந்து முடியும் இந்த வேலைக்கு, 16 பாகையில் கிடக்கும் அறையில் பத்து நாட்கள் முதல் இரண்டு கிழமை வரை கொடுக்க வேண்டும். நீங்கள் நட்டதோ அன்றைக்கே. மேலும், இங்கே காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் பாதி ஆவியாகிவிடும். குளிர் வீட்டில், அதுவும் பொலித்தீன் பையின் கீழ், அதே தண்ணீர் கிழமைக்கணக்கில் மண்ணிலேயே தங்கியிருக்கும். பித்தியம் போன்ற அழுகல் உயிரிகள் மண்ணின் ஈரத்திலேயே நீந்திச் செல்லக்கூடியவை. ஆறாத வெட்டு, வற்றாத ஈரம், குளிர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதுதான் உங்கள் கிளைகளுக்கு நேர்ந்தது.

நான்கும் முழுவதுமாக அழுகியிராவிட்டால் இன்றும் காப்பாற்றலாம். சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய கத்தியால், கறுத்த பகுதிக்கு மேலே விரலகலம் தள்ளி வெட்டிப் பாருங்கள். வெட்டு முகத்தில் மண்ணிறப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் மேலே போங்கள். ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். முகம் முழுவதும் தெளிந்த பச்சையாகத் தெரிகின்ற இடம்தான் உங்கள் புதிய அடி. கீழிருக்கும் இரண்டு சோடி இலைகளைக் கழற்றிவிட்டு, பழைய பத்திரிகைத் தாளின் மேல், வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் படுக்க வையுங்கள். விரல் நுனியால் தொட்டால் வெட்டுவாய் உலர்ந்து, சற்றே உட்குழிந்து, நகத்தைப் போல இறுகியிருக்க வேண்டும். அதற்கு முன் மண்ணின் அருகே கொண்டுபோக வேண்டாம்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சாடி மண்ணைத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கவென்றே செய்யப்பட்டது. அதில் ஒரு பங்குக்கு, பேர்லைட் (இலேசான வெண்ணிறக் கற்துகள்) அல்லது பியூமிஸ் (நுரைக்கல்) இரண்டு பங்கு கலந்துகொள்ளுங்கள். சாடி சிறியதாக, ஏழெட்டுச் சென்ரிமீற்றர் அகலத்தில், அடியில் ஓட்டையுடன் இருக்கட்டும். பெரிய சாடியில் வேரில்லாத சிறு கிளையை நட்டால், குடிக்க ஆளில்லாத மண் நனைந்தபடியே கிடக்கும். கிளையை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில், காய்ந்த மண்ணிலேயே ஊன்றிவிட்டு, பத்து நாள் அப்படியே விடுங்கள்.

கேள்வி (ஒஸ்லோ, நோர்வே): இங்கே மார்கழியில் வெளிச்சமே இல்லை. இப்போது ஒரு கிளை உடைந்துவிட்டால், அதை வசந்தகாலம் வரை வைத்திருக்க ஏதாவது வழி உண்டா? அல்லது ஹீற்றர் மேல் வைத்து இப்போதே வேர் வரச் செய்யலாமா?

பதில்: வைத்திருக்கலாம். என் மகளும் உங்கள் நகரத்தில்தான் இருக்கிறாள். ஒரு கார்த்திகையில் அவள் வீட்டில் நின்றபோது, உடைந்த ஜேட் கிளைகள் எட்டை ஈர மண்ணில் நட்டு எட்டையும் இழந்தேன். சாடியில் இடம் போதாமல் அலுமாரியின் மேல் பத்திரிகைத் தாளில் வைத்த இன்னும் இரண்டு கிளைகள், யாருடைய கவனமும் இல்லாமல் அங்கேயே கிடந்தன. மாசி கடைசியில் எடுத்துப் பார்த்தபோது அவற்றின் இலைகள் சுருங்கி, தோல் மடிந்திருந்தது உண்மை. ஆனால் தண்டின் கணுக்களிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில், நூலளவு தடிப்பில், அரைச் சென்ரிமீற்றர் நீள வேர்கள் காற்றிலேயே நீட்டிக்கொண்டிருந்தன. அவ்விரண்டும் இன்று அவள் வீட்டு யன்னலில் முழங்கையளவு செடிகளாக நிற்கின்றன. குளிரும் இருளும் நிறைந்த மாதங்களில் காய்ந்து கிடப்பது அவற்றுக்குப் பாதுகாப்பான இருப்பு என்பதை அன்றுதான் கண்டேன்.

எண்ணிக்கையில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே வேறுபாடு. ஒஸ்லோவில் மார்கழியின் குறுகிய பகல் ஆறு மணித்தியாலத்தைத் தொடுவதில்லை. அந்தச் சூரியனும் அடிவானத்தை விட்டு அதிகம் எழுவதில்லை. ஒளி குறைந்தால் இலை உணவு செய்யாது. உணவில்லாமல் வேர் வளராது. ஆகவே பங்குனி முதல் ஆவணி வரையான காலத்தை வெட்டி நடுவதற்கென்று வைத்துக்கொண்டு, தை வரைக்கும் உடைந்து விழுபவற்றை 10 முதல் 15 பாகை வரையான உலர்ந்த இடத்தில் காப்பாற்றி வைப்பதே நல்லது. உறைபனி படும் கொட்டிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பொறுத்திருக்க முடியாத நிலை, உதாரணமாக அடி அழுகிய ஒரே செடி, என்றால் செயற்கையாக இரண்டையும் கொடுக்க வேண்டும். மேலே, செடி வளர்ப்புக்கான எல்.ஈ.டி. விளக்கை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணித்தியாலம் எரியவிடுங்கள். கீழே, விதை முளைக்க வைப்பதற்கென்று விற்கும் வெப்ப விரிப்பை வைத்து, மண்ணின் வெப்பம் 20 முதல் 24 பாகைக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அறை முழுவதும் சூடாக இருக்க வேண்டியதில்லை. வேர் வர வேண்டிய இடம் சூடாக இருந்தால் போதும். ஹீற்றரின் மேல் நேரே வைப்பது கூடாது: அது எரியும்போது மண் வறுபட்டும், அணையும்போது குளிர்ந்தும் போகும். ஹீற்றருக்கு மேலுள்ள யன்னல் பலகை, இடையில் ஒரு கட்டை வைத்தால், பயன்படும். ஆனால் இரவில் திரைச்சீலையை இழுத்து மூடும்போது செடி கண்ணாடிக்கும் சீலைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளாமல் பாருங்கள். வீட்டின் சூடு எட்டாத அந்த இடுக்குத்தான் வீட்டுக்குள் மிகக் குளிரான இடம். மாலையில் சாடியை மேசைக்கு மாற்றும் பழக்கம் பல கிளைகளைக் காப்பாற்றும்.

கேள்வி (ஹரோ, லண்டன்): எச்செவேரியா (ரோசாப்பூப் போல இலை அடுக்கும் சதைச்செடி) இலைகளைக் கழற்றித் தட்டில் பரப்பினேன். சில இலைகள் கண்ணாடி போலத் தெளிந்து அழுகிவிட்டன. சிலவற்றில் வேர் மட்டும் வந்து இரண்டு மாதமாகக் குருத்தே இல்லை. ஒன்றிரண்டில் மட்டும் சிறிய பூப்போலக் குட்டி வந்திருக்கிறது. ஒரே செடியின் இலைகள் ஏன் இப்படி வேறுபடுகின்றன?

பதில்: இலையின் அடிவிளிம்பில்தான் எல்லாம் இருக்கிறது. இலை தண்டோடு ஒட்டியிருந்த அந்தப் பிறை வடிவ விளிம்பில், புதிய குருத்தாக மாறக்கூடிய கலங்கள் சிலவே உள்ளன. இலையை நடுவில் பிடித்து இழுத்தால் அவை தண்டிலேயே தங்கிவிடும். கையில் வருவது குருத்து விடும் ஆற்றலற்ற வெறும் இலை. மகிழ்ச்சியோடு வேர் விடும், மாதக்கணக்கில் பச்சையாகவும் இருக்கும், ஆனால் செடியாகாது. பெருவிரலையும் சுட்டுவிரலையும் இலையின் அடியில் கொண்டுபோய், முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று மெல்ல அசையுங்கள். நகத்தால் தட்டியது போன்ற ஒரு சிறு ஒலியுடன் அது முழுதாகப் பிரியும். அப்போது அடிவிளிம்பு கிழிசல் இல்லாமல், வெளிறிய நிறத்தில், முழுப் பிறையாக இருக்கும். அப்படி இல்லாதவற்றைப் பரப்பி இடத்தை வீணாக்க வேண்டாம். முன்தினம் தண்ணீர் ஊற்றிய செடியின் இலை நிறைந்து விறைத்திருப்பதால் எளிதில் முறியும். ஊற்றிப் பல நாளானதும் கழற்றுங்கள்.

கண்ணாடி போலான இலைகள் ஈரத்தாலும் குளிராலும் போனவை. வேர் தென்படும் வரை தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். அறை 20 பாகையில் இருந்தால் மூன்று நான்கு கிழமைகளிலும், 15 பாகையில் இருந்தால் ஏறக்குறைய இருமடங்கு காலத்திலும் வேர் தென்படும். வந்ததும் வேரின் நுனி மட்டும் மறையும்படி ஒரு தேக்கரண்டி மணலைத் தூவி, அந்த இடத்தில் மட்டும் சிறிது தண்ணீர் விடுங்கள். தாய் இலை தானாகச் சுருங்கிக் காய்ந்து உதிரும் வரை அதைப் பிய்க்கக் கூடாது. குட்டிக்கு அதுதான் பால்.

நம் ஊர்ச் சதைகரைச்சானின் இலையோரத்தில் வரிசையாகக் குட்டி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எச்செவேரியா சிக்கனமாகத் தோன்றலாம். அந்தச் சதைகரைச்சான் அறிவியல் வரலாற்றில் இடம் பெற்ற செடி என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். தென்னிந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர், அதன் இலை காலையில் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையை நெருங்கும்போது சற்றுக் கசப்பாகவும் இருப்பதைக் கண்டு, லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அது 1815இல் வெளியானது. இரவில் இலைவாய் திறந்து உள்வாங்கிய காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் செலவழிப்பதே அந்தப் புளிப்பின் காரணம் என்று பின்னாளில் தெளிவாயிற்று. சதைப்பற்றுச் செடிகளைப் பொலித்தீனால் மூட வேண்டியதில்லை என்று நான் மேலே சொன்னதன் அடிப்படையும் இதுவே. இலையைச் சுவைத்துப் பார்க்க மட்டும் முயல வேண்டாம். இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தின்ற கால்நடைகள் இதயம் பாதிக்கப்பட்டு இறந்திருக்கின்றன.

கேள்வி (நுவரெலியா): குளிர்நாடு போனவர்களுக்கு எழுதுகிறீர்கள், நாங்களும் குளிரில்தான் இருக்கிறோம். எங்களுக்கு எப்போது நடுவது நல்லது?

பதில்: உங்கள் நிலை ஒஸ்லோவை விட நல்லது, ஒரு விதத்தில் அதைவிடச் சிக்கலானது. 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை அளவில் வாழ்ந்தாலும், உங்கள் பகற்பொழுது எங்களுடையதைப் போலவே ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே விளக்குத் தேவையில்லை. உங்களுக்குப் பகை மூடுபனியும் விடாத தூறலும். காற்றே ஈரமாக இருக்கும்போது வெட்டுவாய் காயாது. மாசி முதல் சித்திரை வரை கிடைக்கும் வெயில் நாட்களில் வெட்டுங்கள். தை, மாசியில் விடியற்புறம் புல்லில் உறைபனி படிகின்ற இடமாக இருந்தால் இரவில் சாடிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். வெளியே வைப்பதானால் ஒளி ஊடுருவும் தகட்டுக் கூரை கட்டாயம். வெட்டிய துண்டுகளைச் சுளகில் பரப்பி அடுப்படிக்கு அருகே, சூடு தெரியும் ஆனால் புகை படாத தூரத்தில் வைப்பதைவிடச் சிறந்த உலர்த்தும் முறை உங்களுக்கு இல்லை. 1861இல் சிங்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியற் பூங்கா உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. அந்தக் குளிருக்குப் பழகிய செடிகள் எவை, எந்தச் சரிவில், எந்த நிழலில் நிற்கின்றன என்று ஒரு நாள் நின்று பார்த்து வருவது பயன் தரும்.

கேள்வி (சுண்டிக்குளி): குளிரே இல்லாத யாழ்ப்பாணத்தில், நான் ஆனியில் நட்டவை எல்லாம் பிடித்தன, ஐப்பசியில் நட்டவை எல்லாம் அழுகின. ஏன்?

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி. வெளிநாட்டு வாசகர்கள் குளிர்தான் கொல்கிறது என்று நினைத்துவிடாமல் இருக்க இது உதவும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நமக்கு மாரி. வெப்பம் 25 பாகைக்கு மேல் இருந்தும், மழையும் ஈரக்காற்றும் வெட்டுவாயைக் காயவிடுவதில்லை. விறாந்தையின் உட்பக்கத்தில், மழைச்சாரல் படாத திண்ணையில் வைத்து, தண்ணீரை முற்றாக நிறுத்துங்கள். மண்ணுக்குக் குருமணல் இரண்டு பங்கு, பயறளவு உடைத்த ஓட்டுத்துண்டு ஒரு பங்கு, பழைய கூட்டெரு ஒரு பங்கு போதும். தும்புச்சோறு கலப்பதானால் உப்புப் போக நன்றாக அலசிவிட்டுக் கலக்க வேண்டும். கடற்கரை மணலை எடுக்க வேண்டாம்.

கேள்வி (சண்டிலிப்பாய்): வெட்டிய இடத்தில் மஞ்சள் தூள், கறுவாத் தூள், தேன், சாணம் ஆகியவற்றைப் பூசச் சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: வெட்டிய துண்டுக்கு எதுவும் வேண்டாம். மஞ்சளுக்கும் கறுவாவுக்கும் பூஞ்சணத்தை அடக்கும் தன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றை, துண்டு எடுக்கப்பட்ட தாய்ச்செடியின் காயத்தில் தூவிவிடுங்கள். வேர் வர வேண்டிய முனையில் அப்பினால் இளங்கலங்களை வரட்டிவிடக்கூடும். தேனும் சாணமும் ஈரமானவை. முருங்கைத் தடியின் மேல் முனையில் சாணம் வைப்பது அதன் ஈரத்தைக் காக்க, இங்கே நமக்கு வேண்டியதோ காய்வு. கடையில் விற்கும் வேர்த் தூளில் இருப்பது ஒட்சின் என்ற ஓமோன். அதைச் சதைச்செடி தானே குருத்தில் உண்டாக்கி அடிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது எப்போதும் குருத்திலிருந்து அடியை நோக்கியே இறங்குவதால்தான், துண்டைத் தலைகீழாக நட்டால் வேர் பிடிப்பது கடினமாகிறது. இலையில்லாத நீளத் துண்டுகளை வெட்டும்போது அடிப்பக்கத்தை ஆப்பு வடிவில் வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கிழமை கழித்து எடுக்கும்போது எது மேல், எது கீழ் என்ற குழப்பம் வராது.

கேள்வி (பாரிஸ்): மருளின் இலையைத் துண்டாக்கி நட்டேன். இரண்டு மாதத்தில் வேரும் பிறகு குட்டியும் வந்தன. ஆனால் தாயிலையின் மஞ்சள் கரை குட்டியில் இல்லையே?

பதில்: அந்தக் கரை இலைத்துண்டின் வழியாக வராது. இரு வகைக் கலப்படைகள் ஒன்றையொன்று தழுவி வளர்வதால் உண்டாகும் நிறம் அது. புதிய குட்டியோ உள்ளிருக்கும் பச்சைக் கலங்களிலிருந்து முளைக்கிறது. மஞ்சள் கரை வேண்டுமானால் நிலத்தடிக் கிழங்குத் தண்டோடு சேர்த்துப் பிரித்து நடுங்கள்.

கேள்வி (பிரம்டன், கனடா): கற்றாழை மடலை வெட்டி மூன்று முறை நட்டேன். மூன்று முறையும் அழுகிவிட்டது.

பதில்: நான்காம் முறை நட வேண்டாம். கற்றாழை மடலிலிருந்து செடி வராது. அடியில் வரும் பக்கக் கன்றைத்தான் வேரோடு பிரித்து நட வேண்டும். வெட்டிய மடலை வேறு பயனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மெல்பேர்ண்): இங்கே ஆனி, ஆடியில்தான் குளிர். திருகுகள்ளியின் கிளைகளை எப்போது வெட்டலாம்? பால் நிற்காமல் வடிகிறது; வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: உங்களுக்கு எல்லாவற்றையும் ஆறு மாதம் தள்ளிப் படிக்க வேண்டும்: புரட்டாதி பிற்பகுதியிலிருந்து தை வரை வெட்டலாம். திருகுகள்ளி என்ற பெயரே 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசின் நூலில் அதன் அறிவியற் பெயரில் இடம் பிடித்தது. மலபார்க் கரையில் மக்கள் வழங்கிய பெயரை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். நம் கள்ளியின் பாலுக்கு நாம் அஞ்சிய அச்சமும் சரியானதே. அது தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் கடுமையான அழற்சியும், சிலபோது பார்வைக்கே கேடும் தரும். பிள்ளைகள் உறங்கும் நேரத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில் வெட்டுங்கள். வெட்டிய முனையைக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் பிடித்தால் பால் நின்றுவிடும். பிறகு துடைத்து, இரண்டு கிழமை வரை காயவையுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, வலி தணிந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் குசினிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி (சூரிச், சுவிற்சலாந்து): கிறிஸ்மஸ் கள்ளிக்கும் இதே காயவைக்கும் முறைதானா? பனி விழும் பல்கனியில் எந்தச் செடியையாவது விடலாமா?

பதில்: கிறிஸ்மஸ் கள்ளி பாலைவனத்துச் செடி இல்லை. பிரேசிலின் தென்கிழக்குக் கரையோர மலைக்காடுகளில், மரக்கிளைகளிலும் பாறைகளிலும், ஈர நிழலில் வளர்வது. பூத்து முடிந்து, பகல் நீளத் தொடங்கியதும், இரண்டு மூன்று கணுத்துண்டுகளைத் திருகி எடுத்து, இரண்டு நாள் மட்டும் காயவிட்டு, இலேசான ஈரமுள்ள மண்ணில் ஒரு கணுவின் பாதியளவு ஊன்றுங்கள். அதற்கு மட்டும் மண் முற்றாக வரண்டுவிடக் கூடாது. பல்கனிக்கு, ஐரோப்பிய மலைகளில் வளரும் செம்பர்வைவம் இருக்கிறது. பனியின் கீழே கிடந்து, உருகியதும் நிமிரும். அதன் பக்கக் கன்றுகளைக் கிள்ளி நட்டால் போதும். ஜேட்டையும் எச்செவேரியாவையும் உறைபனியில் விட்டால் உள்ளே நிறைந்த தண்ணீர் உறைந்து கலங்களைச் சிதைத்துவிடும். மறுநாள் அவை வெந்த கீரையைப் போலச் சரிந்து கிடக்கும்.

கேள்வி (கோண்டாவில்): சுவிசில் இருக்கும் மகளுக்கு எங்கள் முற்றத்துச் சதைகரைச்சானில் ஆசை. ஓர் இலையைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பினால் என்ன? காய்ந்தாலும் உயிரோடு போய்ச் சேரும் அல்லவா?

பதில்: போய்ச் சேரும் என்பது உண்மை, அனுப்பக் கூடாது என்பதும் உண்மை. கடித உறைக்குள் இலையோடு வெண்மூட்டுப் பூச்சியின் முட்டைகளும் கண்ணுக்குத் தெரியாத நோய்களும் பயணம் செய்யும் என்பதால், ஐரோப்பிய நாடுகளும் பிரித்தானியாவும் கனடாவும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உயிர்ச்செடிகளை ஏற்பதில்லை. நம் நாட்டிலும் இது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சான்றிதழுக்குக் கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுகாப்புச் சேவையை நாட வேண்டும். கள்ளி இனங்களுக்கு இதற்கு மேலாகவும் கட்டுப்பாடு உண்டு: அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில், சப்பாத்துக் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதும், சதைப்பற்றுள்ள பாற்கள்ளிகளும், சாதாரண மருந்துக் கற்றாழை தவிர்ந்த மற்றக் கற்றாழைகளும் இடம் பெற்றிருக்கின்றன. உங்கள் மகள் தன் ஊரிலேயே, யன்னலில் இந்தச் செடி வைத்திருக்கும் யாரிடமாவது ஓர் இலை கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் அதை எப்போது, எப்படி மண்ணில் வைப்பீர்கள் என்று தொலைபேசியில் சொல்லிக் கொடுங்கள். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை, முற்றத்தின் நினைவும் அதோடு போய்ச் சேரும்.

கேள்வி (வல்வெட்டித்துறை, தற்போது கிளாஸ்கோவில் மகன் வீட்டில்): நீங்கள் சொன்னது போலக் காயவைத்து நட்டிருக்கிறேன். வேர் வந்ததா என்று அறிய ஆவலில் இரண்டு நாளுக்கு ஒரு முறை பிடுங்கிப் பார்க்கிறேன். பிடுங்காமல் அறிவது எப்படி? முதல் தண்ணீரை எப்போது ஊற்றுவது?

பதில்: அம்மா, பிடுங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். முதலில் வரும் வேர்மயிர்கள் மிக மிக மெல்லியவை. நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அவை அறுந்துவிடும், செடியும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நட்டு மூன்று கிழமை கழித்து, கிளையை மேலே தூக்காமல், ஒரு விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் சாய்ந்தால் வேர் இல்லை. மண்ணும் சேர்ந்து அசைய விரும்பாதது போல விரலைத் தடுத்தால் வேர் பிடித்துவிட்டது. சுருங்கத் தொடங்கிய கீழிலைகள் மேலும் சுருங்காமல் நின்று, குருத்தில் பளபளப்பான புதிய இலைச்சோடி விரியத் தொடங்குவதும் அதே செய்தியைச் சொல்லும். கிளாஸ்கோவின் குளிரில் இது ஆறு கிழமை எடுத்தாலும் கிளை உறுதியாக இருக்கும் வரை கவலைப்பட ஒன்றுமில்லை.

நட்டுப் பத்து நாளானதும் சாடியின் ஓரத்தில், கிளையிலிருந்து விலகி, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் விடலாம். வேரைத் தேடி வரத் தூண்டும் அளவுக்கு அது போதும். நிறைய ஊற்றுவது வேர் பிடித்த பிறகுதான். குழாய்த் தண்ணீர் அங்கே பனிபோல வரும் என்பதால், முதல் நாள் இரவே ஒரு போத்தலில் பிடித்து அறைக்குள் வைத்துவிடுங்கள். காலையில், அடி ஓட்டையால் வெளியே வரும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். அதன் பிறகு நாட்களை எண்ணி ஊற்றாதீர்கள். ஊரில் என்றால் ஓர் ஈர்க்கை எடுத்திருப்பீர்கள். அங்கே இறைச்சி குத்தும் மெல்லிய மூங்கில் குச்சி கடையில் கிடைக்கும். அதைச் சாடியின் அடிவரை இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். மண் ஒட்டியிருந்தாலோ, கன்னத்தில் வைத்தால் குளிர்ந்திருந்தாலோ, குச்சியைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த கிழமை பாருங்கள். குச்சி இறக்கியபடியே உலர்ந்து திரும்பி வந்தால் அன்றைக்கு ஊற்றுங்கள்.